தொண்ணூற்றொன்பது வயது இளைஞர்கள்

பிப்ரவரி 6

தம்பிக்கு,

உன் நலத்தை விசாரிக்கவில்லை. பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒழுங்குப் படை வந்தால்தான் இந்த ஊர் உருப்படும் என்று சொன்னாய். நான் உன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மிதித்தேன். அதன் பிறகு நமக்குள் பேச்சு இல்லை. இப்போது எழுதுவது சமாதானத்துக்காக அல்ல, ஒரு சந்தேகத்துக்காக.

எங்கள் ஊர் ஆண்களின் சராசரி ஆயுள் எழுபத்தொன்றாக உயர்ந்துவிட்டதாம். சரித்திரத்திலேயே இல்லாத உயர்வாம். கீழே உங்கள் புள்ளிவிவர அலுவலக இயக்குநரின் கையெழுத்து. அவர் கடையில் மீதிச் சில்லறையைக்கூட எண்ணத் தெரியாமல் அப்படியே பையில் போட்டுக்கொள்பவர் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆகவே கணக்கு உன்னுடையது. இந்த உயர்வுக்குக் காரணம் ஒழுங்குப் படைதான் என்று தீர்மானித்து, அதை இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருக்கச் சொல்லியிருக்கிறது அரசாங்கம். உள்பக்கத்தில் ஒரு கட்டுரை வேறு: எங்கள் ஊர்க் கிழவர்கள் தொண்ணூற்றொன்பது வயது வரை வாழும் ரகசியம். நல்ல காற்று, அளவான சாப்பாடு, கவலையற்ற மனம்.

தம்பி, நான் பல் டாக்டர். இந்த ஊரில் எண்பதைத் தாண்டிய ஒவ்வொரு வாயும் எனக்குத் தெரியும். ஒன்றுகூடத் தொண்ணூற்றொன்பதை எட்டியதில்லை.

இன்னொரு வகை வாய்களும் எனக்குத் தெரியும். பிணவறை டாக்டர் ஊரைவிட்டு ஓடிப்போனதிலிருந்து என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். முகத்தைத் துப்பாக்கியின் அடிக்கட்டையால் இடித்துவிடுவதால், ஆளை அடையாளம் காட்டப் பல்தான் மிச்சம். செவ்வாய்க்கிழமை நாலு பேர். ஒருவனின் கீழ்த்தாடை தனியாக ஒரு பையில் வந்தது. யாரிடமும் அடையாள அட்டை இல்லை. படைக்காரர்கள் முதலில் அட்டையைப் பிடுங்குகிறார்கள், பிறகு சுடுகிறார்கள். வரிசை மாறியதே இல்லை. ஒழுங்கு என்றால் ஒழுங்கு.

நம் கடைசித் தம்பி சின்னவனுக்கு இருபத்திநாலு வயது என்பது உனக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். பஸ் டிப்போ பட்டறையில் வேலை. அங்கிருந்து இதுவரை ஏழு பேரைக் கொண்டுபோயிருக்கிறார்கள். போன வாரம் காவலுக்கு நின்ற படைக்காரனிடம் இவன், “அண்ணே, பஸ்ஸுக்கு பிரேக் பிடிக்கலேன்னா நான் பாத்துக்குவேன். உங்களுக்குப் பிடிக்கலேன்னா யாரு பாப்பாங்க?” என்று கேட்டிருக்கிறான். இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் வாயை மூட எந்தப் பல் மருத்துவமும் இல்லை.

என் கேள்வி ஒன்றுதான். செத்தவர்களை எங்கே வைத்தாய்?

அக்கா

---

பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கண்ணாடி விஷயத்தை நான் பெரிதுபடுத்தவில்லை. புதியது வாங்கிவிட்டேன், பழையதைவிட நன்றாகத் தெரிகிறது.

பிறக்கும்போது எதிர்பார்க்கப்படும் ஆயுள் என்பதைப் பொதுமக்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அதை முதலில் விளக்குவது என் கடமை. இன்று காலை பிறந்த ஆயிரம் குழந்தைகளைக் கற்பனை செய்துகொள். அவர்களுடைய மொத்த வாழ்க்கையையும் இந்த ஒரே வருடத்துக்குள் நடத்திவைக்கிறோம். இந்த வருடம் ஒரு வயதுக் குழந்தைகளில் எத்தனை பங்கு இறந்ததோ, அத்தனை பங்கு அவர்களிலும் ஒரு வயதில் இறக்கும். இருபது வயதில், இந்த வருடத்து இருபது வயதுக்காரர்களைப் போல இறப்பார்கள். இப்படியே கடைசி ஆள் வரை. அந்த ஆயிரம் பேரும் வாழ்ந்த வருடங்களைக் கூட்டி ஆயிரத்தால் வகுத்தால் வருவது சராசரி ஆயுள். அது ஜோசியம் அல்ல. அந்தக் குழந்தைகள் எங்கும் இல்லை. இருந்தால், இந்த வருடத்தைவிட்டு வெளியே வராமலே கிழவர்களாகிச் சாவார்கள்.

இனி உன் சந்தேகம். இறந்தவர்களை எங்கே வைத்தேன் என்று கேட்டாய். சற்று முரட்டுத்தனமான வாக்கியம். ஆனாலும் போய்ப் பார்த்தேன்.

எங்கள் இயந்திரம் வயது இல்லாத சாவை ஏற்காது. கட்டம் காலியாக இருந்தால் நின்றுவிடும். பல வருடங்களுக்கு முன் ஒரு மேற்பார்வையாளர் இதற்கு வழி கண்டுபிடித்தார்: வயது தெரியாவிட்டால் 99 என்று எழுது. அந்த வயதில் யாரும் இருக்கப்போவதில்லை; பார்த்தவுடன் புரிந்துவிடும். அவர் ஓய்வுபெற்றபோது இயந்திரத்தைத் தவிர எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் போனார்.

உங்கள் ஊரில் போன வருடம் இருநூற்று அறுபத்து மூன்று ஆண்கள் 99 என்ற கட்டத்தில் இருக்கிறார்கள். இயந்திரம் அவர்களைத் தொண்ணூற்றொன்பது வயது வரை வாழ்ந்தவர்களாக எடுத்துக்கொண்டது. அதனால்தான் சராசரி உயர்ந்தது.

இதைத் தவறு என்றும் சொல்லலாம். அலுவலகத்தில் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. முரண் என்போம்.

சின்னவனை இங்கே அனுப்பிவிடு. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. இந்த ஊரில் ஆண்களின் சராசரி ஆயுள் எழுபத்துநாலு. இதைச் சரிபார்த்துவிட்டேன், இங்கே 99 கட்டம் காலி. அந்த வயதில் ஊரில் ஒரு தாத்தா மட்டும் உயிரோடு இருக்கிறார். அவருக்கு நிஜமாகவே தொண்ணூற்றொன்பது.

தம்பி

---

மார்ச் 2

முரண் பிடித்தவனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னை அறைய வேண்டும் போல இருந்தது. நீ எட்டாத தூரத்தில் இருக்கிறாய். அதனால் கருவிகளைச் சுத்தம் செய்யும் கொதிகலனை உதைத்தேன். கால் வீங்கியிருக்கிறது.

ஆக, இங்கே ஒரு பையனைச் சுட்டால் ஊரின் ஆயுள் கூடுகிறது. எத்தனை பேரைக் கொல்கிறார்களோ அத்தனை ஆரோக்கியமான ஊர் இது. இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பாக வேலை செய்தால் நாங்கள் சாகாவரம் பெற்றுவிடுவோம்.

அந்த ஆயிரம் குழந்தைகள் ஒரே வருடத்துக்குள் மாட்டிக்கொண்டவர்கள் என்று எழுதியிருந்தாய். கற்பனை செய்யச் சொன்னாய். எனக்கு அந்தச் சிரமம் வேண்டாம். நானும் அந்த வருடத்தில்தான் குடியிருக்கிறேன்.

வியாழக்கிழமை டிப்போவுக்கு வந்தார்கள். பட்டறையில் இருந்தவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றி, கதவைச் சாத்தி, வெளியிலிருந்து சுட்டார்கள். சின்னவன் இன்னொரு பஸ்ஸின் அடியில் படுத்து எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தான். அங்கேயே கிடந்தான். பக்கத்து பஸ்ஸின் தரையிலிருந்து சொட்டியது இவன் பக்கம் ஓடிவந்து சட்டையை நனைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்தவன், “எண்ணெய் அக்கா, வெறும் எண்ணெய்” என்றே சொல்லிக்கொண்டிருந்தான். நான் சட்டையை அடுப்பில் போட்டேன். அதற்குப் பிறகு அவன் ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

காய்கறி லாரியில் அனுப்புகிறேன். ஓட்டுநர் என் நோயாளி. அவருக்கு நான் இன்னும் இரண்டு பல் கட்ட வேண்டியிருப்பதால் நம்பலாம். சின்னவனை உயிரோடு வைத்துக்கொள். உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

இத்துடன் ஒரு கட்டு வருகிறது. கடைவாயின் கடைசிப் பல் வெளியே வந்துவிட்டதா, அதன் வேர் மூடிவிட்டதா என்று பார்த்தால் ஆளின் வயதை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். எனக்குக் காட்டப்பட்ட ஒவ்வொருவருக்கும் வயது குறித்திருக்கிறேன். எனக்கு முன்னால் வந்தவர்களின் வயதைப் பிணவறை வாசலில் நின்ற அம்மாக்களே சொன்னார்கள். அவர்களிடம் யாரும் கேட்டதில்லையாம். பதினேழு, பத்தொன்பது, இருபத்தொன்று, பதினெட்டு. உன் தொண்ணூற்றொன்பது வயதுக் கிழவர்களில் பாதிப் பேருக்குக் கடைசிப் பல் முளைக்கவே இல்லை.

அவர்களை அவரவர் கட்டத்தில் வை.

அக்கா

---

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவன் நலம். முதல் மாதம் முழுக்கக் கட்டிலுக்கு அடியில்தான் தூங்கினான். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தலையணையை உள்ளே தள்ளிவிட்டேன். இப்போது மேலே ஏறிவிட்டான். பேச்சும் திரும்பிவிட்டது. நேற்று என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு, “அண்ணே, சராசரி எழுபத்துநாலுன்னு சொன்னது வெளிய சாப்பிடறவங்களைச் சேர்த்துத்தானே?” என்று கேட்டான். இங்கே ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்திருக்கிறான்.

இனி அலுவலக விஷயம். ஒவ்வொரு மே மாதமும் ஆண்டு அறிக்கையின் திருத்திய பதிப்பு ஒன்று வெளியாகும். அதை யாரும் படிப்பதில்லை. அச்சகத்தில் பிழை திருத்துபவர்கூடப் படிப்பதில்லை. நீ அனுப்பிய வயதுகளை அதில் சேர்த்தேன். இருநூற்று அறுபத்து மூன்று பேரும் தொண்ணூற்றொன்பதிலிருந்து இறங்கிப் பதினைந்துக்கும் முப்பதுக்கும் நடுவே வந்து நின்றார்கள். உங்கள் ஊர் ஆண்களின் சராசரி ஆயுள் நாற்பத்தொன்பது.

மூன்று முறை போட்டுப் பார்த்தேன். எண்பது வயதுக்காரர் இறந்தால் அந்த ஆயிரம் குழந்தைகள் ஏழெட்டு வருடத்தை இழக்கிறார்கள். இருபது வயதுக்காரன் இறந்தால் ஐம்பதை இழக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு சரிவு. மற்றபடி உங்கள் ஊரில் யாரும் நாற்பத்தொன்பதில் பொத்தென்று விழுந்து சாகப்போவதில்லை. ஐம்பதைத் தொட்டவர் எழுபதைத் தாண்டித்தான் போவார். நாற்பத்தொன்பதாவது பிறந்தநாளில் யாரையும் எமன் தேடி வருவதில்லை. இதை அடிக்குறிப்பில் தெளிவாக எழுதியிருக்கிறேன்.

இயக்குநர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை ஒரு பத்திரிகை அதை எடுத்துப் போட்டுவிட்டது. செவ்வாய்க்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டு, கண்ணாடியாலான பேப்பர் வெயிட்டை என் தலையில் எறிந்தார். ஐந்து தையல். பிறகு கழுத்துப் பட்டையைப் பிடித்து, என் தலையை மேசை விளிம்பில் இரண்டு தடவை மோதினார். “எழுபத்தொண்ணை எங்கடா வெச்ச? எடு. எழுபத்தொண்ணை எடு,” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கோ ஒளித்துவைத்துவிட்டேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. என்னை வேலையைவிட்டு நீக்கவில்லை. அடுத்த அட்டவணையைப் போட வேறு ஆள் இல்லை.

இந்த மூக்குக் கண்ணாடியும் போய்விட்டது. அதை உனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தோன்றியது.

தம்பி

---

ஜூன் 8

தம்பி,

தையலைப் பிரித்துவிட்டார்களா? உன் இயக்குநருக்கு என்றைக்காவது பல்வலி வந்தால் என்னிடம் அனுப்பு.

நாற்பத்தொன்பது இங்கே வந்து சேர்ந்தது. உன் அடிக்குறிப்பு வழியிலேயே தொலைந்துவிட்டது. முடிவெட்டுபவருக்கு ஐம்பத்திரண்டு வயது. “மூணு வருஷமா இனாம்ல ஓடிட்டிருக்கேன் டாக்டர், யாருகிட்டயும் சொல்லிடாதீங்க,” என்கிறார். என் எதிர்வீட்டு வாத்தியாருக்கு அறுபத்தாறு; தெருவில் போகிறவர்களெல்லாம் அவர் என்னவோ திருடிவிட்டது போலப் பார்க்கிறார்களாம். நாற்பத்தெட்டு வயதுக்காரர்கள் மட்டும் சத்தமில்லாமல் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் நேற்று என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

படைத் தலைவரை இங்கே எல்லோரும் கையுறை என்பார்கள். வெயிலிலும் வெள்ளைக் கையுறை போட்டிருப்பார். சுடச் சொல்லும்போது மட்டும் ஒன்றைக் கழற்றுவார். கீழ்க் கடைவாய்ப் பல் அழுகித் தாடை வீங்கி வந்தார். கூட வந்த இரண்டு படைக்காரர்கள் என் உதவியாளரை வெளியே தள்ளிக் கதவருகே நின்றார்கள். நான் வாயைத் திறக்கச் சொன்னேன். திறந்தார். உள்ளே எல்லோருக்கும் இருப்பது போலத்தான் இருந்தது. அது ஏனோ ஏமாற்றமாக இருந்தது.

“டாக்டர், பேப்பர்ல நாப்பத்தொம்பதுன்னு போட்டிருக்கான். அப்படின்னா?”

“ஆம்பளைங்களோட சராசரி ஆயுள்.”

“அதான் கேக்கறேன். அப்படின்னா?”

“உங்களுக்கு என்ன வயசு?”

“ஆகஸ்ட் வந்தா நாப்பத்தொம்பது.”

“அப்படியா,” என்றேன்.

உன் அடிக்குறிப்பு முழுவதும் எனக்கு மனப்பாடம். ஐம்பதைத் தொட்டவர் எழுபதைத் தாண்டுவார் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ஆனால் கையில் குறடு இருந்தது.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “நானும் கவனிச்சிட்டுத்தான் இருக்கேன் டாக்டர். இந்த ஊர்ல நிறைய பேர் சாகறாங்க. வந்ததுலேர்ந்து பாக்கறேன். தண்ணி சரியில்லையோ?”

“இருக்கலாம்.”

“நான் ஒரு சிகரெட்கூடக் குடிக்கிறதில்ல.”

“பாவம்,” என்றேன்.

மரத்துப்போகும் ஊசியைப் பாதி போட்டேன். பல்லை முழுசாக எடுத்தேன். வேர் வளைந்திருந்தது, நெஞ்சில் முழங்காலை வைத்துத்தான் இழுக்க வேண்டியிருந்தது. கத்தினார். கதவருகே நின்றவர்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். “எறக்குங்கடா, வைத்தியம் பாக்கறாங்க,” என்று ரத்தத்தைத் துப்பிக்கொண்டே சொன்னார். போகும்போது கண்ணில் தண்ணீர். வலியால் என்று படைக்காரர்கள் நினைத்திருப்பார்கள்.

இடமாற்றம் கேட்டு அன்றைக்கே எழுதிவிட்டாராம். படையோடு. இருநூற்று அறுபத்து மூன்று பேரின் சாவு அசைக்காததை, தன் ஒரு சாவு அசைத்துவிட்டது.

சின்னவனிடம் சொல். சிரிப்பான்.

அக்கா

---

ஜூலை 1

அக்கா,

நீ செய்தது சரியல்ல. தொழில் முறையில் சொல்கிறேன். நாற்பத்தெட்டு வயதை எட்டிவிட்ட ஒருவருக்கு அந்த ஊரில் இன்னும் இருபத்தாறு வருடம் எதிர்பார்க்கலாம். பிறக்கும்போது எதிர்பார்ப்பது வேறு, பிழைத்து வந்தவர் எதிர்பார்ப்பது வேறு. ஒரு வாக்கியம் போதும் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

இப்படி நினைத்து, நேற்று வரை உன்மேல் கோபமாக இருக்க முடிந்தது.

மூன்று வாரம் முன்பு அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி வந்தது. என் பதினாறு வருட வேலையில் பொதுமக்களில் ஒருவர் அட்டவணையைப் பற்றிக் கேட்பது அதுதான் முதல் தடவை. மிக மரியாதையான குரல். வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போல இருந்தது.

“எந்த ஊர்ல சார் ஆம்பளைங்க ரொம்ப நாள் இருக்காங்க?”

“எங்க ஊர்லதான். எழுபத்துநாலு,” என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

“ரொம்ப நன்றி சார். தண்ணியெல்லாம் எப்படி?”

“நல்லா இருக்கும்,” என்றேன்.

இடமாற்ற உத்தரவு நேற்று எங்கள் அலுவலக வாசலில் ஒட்டப்பட்டது. ஒழுங்குப் படை இந்த மாதம் பதினைந்தாம் தேதி இங்கே வருகிறது.

சின்னவன் பட்டறையிலிருந்து வந்து அதைப் படித்தான். சிரிக்கவில்லை. “பல்லைப் பிடுங்குனது அக்கா, வழி சொன்னது நீ. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை கலந்து பேசியிருக்கக்கூடாதா?” என்றான். பிறகு மாடிக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டான்.

தம்பி

---

ஜூலை 5

தம்பி,

அவனை உடனே இங்கே அனுப்பு. படை முகாம் பிரிக்கப்படுகிறது, முள்வேலியைக்கூடச் சுருட்டிவிட்டார்கள். இந்த நாட்டிலேயே இப்போது பத்திரமான ஊர் இந்த நாற்பத்தொன்பதுதான். அடிக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்காதே. அனுப்பு.

அக்கா

---

ஜூலை 24

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பன்னிரண்டாம் தேதி அவனைக் கூட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். உத்தரவில் பதினைந்து என்று இருந்தது. உத்தரவை நம்பினேன். படை முதல் நாளே வந்து வாசலில் நின்றது.

சின்னவனின் அட்டையை வாங்கிய படைக்காரன் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு நாலு அடி பின்னால் போனான். “நாப்பத்தொம்பது ஊருக்காரன் சார் இவன்,” என்று கத்தினான். தொற்று நோய்க்காரனைப் பார்ப்பது போல எல்லோரும் விலகினார்கள். இன்னொருவன் அட்டையைக் கிழித்துக் கீழே போட்டான். அட்டை போன பிறகு அடுத்தது என்ன என்பது உன் கடிதத்திலேயே இருக்கிறது.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். “இருபத்திநாலு” என்று கத்தினேன். “இவனுக்கு இருபத்திநாலு வயசு. எல்லாரும் கேட்டுக்குங்க. இருபத்திநாலு.” நிலையத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு அதுதான். துப்பாக்கியின் அடிக்கட்டை வாயில் விழுந்தது. முன்பற்கள் நாலு போயின. கீழே விழுந்தும் நான் அதையே சொல்லிக்கொண்டிருந்தேனாம். அதனால் வலது கையைப் பூட்ஸால் மிதித்தார்கள். விரல்கள் உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

அவர்கள் என்மேல் மும்முரமாக இருந்த நேரத்தில், சின்னவன் பக்கத்து பஸ்ஸின் ஜாக்கிக் கம்பியை உருவி என்னை மிதித்தவனின் முழங்காலில் அடித்தான். அந்தக் கால் முன்பக்கமாக மடங்கியது. பிறகு ஓடினான். சுட்டார்கள். ஒரு கிழவியும் தர்பூசணி விற்றவனும் விழுந்தார்கள். சின்னவனின் தொடையில் ஒரு குண்டு பாய்ந்ததைப் பார்த்தேன். நொண்டிக்கொண்டே போய், கிளம்பிக்கொண்டிருந்த ஒரு லாரியின் பின்னால் தொற்றினான். ஓட்டுநர் நிறுத்தவும் இல்லை, இறக்கிவிடவும் இல்லை. இவன் பட்டறையில் பிரேக் பார்த்த லாரி அது.

அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. வந்து சேர்ந்தானா? வந்திருந்தால் ஒரு வரி எழுது. வராவிட்டால் எழுத வேண்டாம்.

தம்பி

---

ஜூலை 30

வந்துவிட்டான். குண்டை நானே எடுத்தேன். பல் பிடுங்குவதைவிடச் சுலபமாக இருந்தது. இனி ஒரு கால் சற்றுக் குட்டைதான். “அண்ணன் எப்படி இருக்கான்?” என்று கேட்டுவிட்டு என் தோளில் முகத்தை வைத்து அழுதான். உன் பற்களை நான் கட்டித் தருகிறேன். முழு ஊசி போட்டுத்தான்.

அக்கா

---

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே ஆறு மாதமாக ஒருவரும் சுடப்படவில்லை. பிணவறை என்னைக் கூப்பிடவில்லை. முடிவெட்டுபவர் மட்டும் போன வாரம் இறந்தார், தூக்கத்தில். தனக்கு இனாமாகக் கிடைத்தது போதும் என்று நினைத்துவிட்டார் போல. சின்னவன் டிப்போவில் நொண்டிக்கொண்டே எல்லோரையும் வம்புக்கு இழுக்கிறான். கல்யாணப் பேச்சுகூட நடக்கிறது. பெண் அவனைவிட அதிகம் பேசுகிறாள். அதனால் சம்மதம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் ஊர்ச் செய்திகள் காதுக்கு வருகின்றன. எழுதக் கை வரவில்லை. நீ அங்கிருந்து ஏன் கிளம்பவில்லை என்றும் கேட்கப்போவதில்லை. அட்டவணை போட வேறு ஆள் இல்லை என்பாய்.

நேற்று இரவுச் சாப்பாட்டில் சின்னவன் சும்மா கணக்குப் போட்டான். “இந்தத் தடவை கடைசி ஆறு மாசக் கணக்குதானாம். இப்ப இங்க யாரும் சாகறதில்ல. அப்ப நம்ம நம்பர் திரும்ப எழுபதுக்குப் போயிடும். அங்க தினமும் சாகறாங்க. அண்ணன் ஊரு நம்பர் கீழ வந்துடும். கையுறை பேப்பரைப் பாப்பாரு. அப்புறம்?” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அதற்கப்புறம் யாரும் சாப்பிடவில்லை.

தம்பி, எழுபத்தொன்று என்று பொய் எழுதினாய் என்பதற்காக உன்னை என்னென்னவோ திட்டியிருக்கிறேன். ஒன்றையும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் இந்த மாதம் எங்கள் ஊருக்கு அறுபத்தெட்டு என்றோ எழுபது என்றோ உண்மையை எழுதிவிடாதே. ஐம்பதுக்குக் கீழே வை. எந்தக் கட்டத்தில் யாரைக் கொண்டுபோய் வைப்பாயோ, எனக்குத் தெரியாது. இந்த ஊரில் சாகாதவர்களில் யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள். என்னையும் எடுத்துக்கொள்.

அவன் உயிரோடு இருக்க வேண்டும். நான் உன்னிடம் கேட்பது எப்போதும் இது ஒன்றுதான்.

அக்கா

---

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

அறிக்கை நேற்று வெளியாகிவிட்டது. பத்திரிகை உனக்கு இதற்கு முன்பே வந்திருக்கும்.

உங்கள் ஊர் ஆண்களின் சராசரி ஆயுள் நாற்பத்தாறு. உண்மையில் வந்தது அறுபத்தெட்டரை. நூல்களில் எவ்வளவு தேடியும் இதற்கு ஒரு முறை கிடைக்கவில்லை; இறக்காதவர்களை இறக்கவைப்பது பற்றி யாரும் எழுதவில்லை. கடைசியில் விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற சாவுகளைப் பின்னால் சேர்த்தேன். இருபதுகளில் இருநூற்றுத் தொண்ணூறு பேர். அத்தனை பேரும் நலமாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்குக் கல்யாணம் என்று எழுதியிருந்தாய். என் வாழ்த்தைச் சொல்.

எங்கள் ஊருக்குப் பொய் எழுத வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தானாகவே ஐம்பத்தொன்றுக்கு வந்துவிட்டது. இங்கே பிணவறைக்கு நானே தினமும் போய் வாசலில் நிற்கும் அம்மாக்களிடம் வயது கேட்டு எழுதிக்கொள்கிறேன். 99 என்ற கட்டத்தில் ஒருவர்தான். அந்தத் தாத்தாவும் போய்விட்டார். அவர்மேல் ஒரு படை வண்டி ஏறியது.

இயக்குநர் இந்தத் தடவை என்னை அடிக்கவில்லை. எந்த எண்ணுக்காக அடிப்பது என்று அவருக்குப் புரியவில்லை.

இன்று காலை கையுறை அலுவலகத்துக்கு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். தொலைபேசியில் கேட்ட என் குரலை அவருக்கு அடையாளம் தெரியவில்லை; பல் இல்லாத வாயில் அது வேறு மாதிரிதான் வருகிறது. மெலிந்திருந்தார். “இந்த ஊரும் ஒத்துக்கல சார். எங்க போனாலும் சாவு பின்னாடியே வருது,” என்றார். நிஜமான துக்கத்தோடு சொன்னார். பத்திரிகையை விரித்து அட்டவணையில் விரலை வைத்து, “இதுல எது சார் இப்ப மேல இருக்கு?” என்று கேட்டார்.

அவருக்கு இன்னும் இருபத்தைந்து வருடம் இருக்கிறது என்று விளக்கியிருக்கலாம். விளக்கியிருந்தால் இங்கேயே தங்கியிருப்பார். உன் நாற்காலியில் அவர் படுத்திருந்தபோது உன் கையில் குறடு இருந்தது போல, என் கையில் அட்டவணை இருந்தது. முதலிடத்தில் இருப்பது துறைமுக ஊர், எழுபத்திரண்டு. அதைக் காட்டினேன். எழுதிக்கொண்டு, கையுறையைக் கழற்றி, என் உடைந்த கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

நன்றாக யோசித்துப் பார்த்தேன் அக்கா. அந்த ஊரில் நமக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

தம்பி